ஆட்சேபம் இருக்கிறவர்கள் கை தூக்கலாம்

எங்கள் ஊர் கிராம சபையில் யாரும் கை தூக்கி நான் பார்த்ததில்லை. தீர்மானத்தை வாசிப்பார்கள், "ஆட்சேபம் இருக்கிறவங்க கை தூக்கலாம்" என்பார்கள், எல்லோரும் துண்டால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், நிறைவேறிவிடும். எதிர்ப்பு இருந்தால் கூட்டம் முடிந்ததும் டீக்கடையில் பேசிக்கொள்வதுதான் மரியாதை. முகத்துக்கு நேரே மறுப்பது எங்கள் பக்கத்தில் பெரிய அசிங்கம்.

கூட்டம் நடப்பது கோயில் மண்டபத்தில். எங்கள் ஊர் குளத்தூர்ப் பக்கம்; நான் ஊருக்குள் இருக்கும் விவசாயக் குடும்பத்துப் பெண். எங்களுக்கு மண்டபத்தில் ஜமக்காளம் உண்டு. காலனிக்காரர்களுக்கு மதில் சுவருக்கு வெளியே வெயில்தான். உள்ளே வரக் கூடாது என்று யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. சொல்லாமலே வெளியே நிற்க வைப்பதில் எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்கள்.

அந்த முறை வெளியே நின்றவர்களில் என்னோடு ஒரே பஸ்ஸில் கல்லூரிக்கு வரும் தோழியும் இருந்தாள். காலனிக் குழாயில் தண்ணீர் வராததைச் சொல்ல வந்திருந்தாள். சுவருக்கு மேலாகக் கத்திப் பார்த்தாள். உள்ளே மைக் சத்தத்தில் அது யார் காதிலும் ஏறவில்லை. ஏறியதாக யாரும் காட்டிக்கொள்ளவும் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தேன்.

"அடுத்த கூட்டத்தப் பள்ளிக்கூடத்துல வைக்கணும்னு தீர்மானம் போடுங்க. அங்கதான் எல்லாரும் ஒண்ணா ஒக்கார முடியும்."

விசிறல் நின்றது. முன்வரிசையில் இருந்த என் அப்பா திரும்பிப் பார்க்கவே இல்லை. "காலேஜுக்கு அனுப்புனா இப்பிடித்தான்," "ஒக்காரு புள்ள," என்று பின்னாலிருந்து குரல்கள் வந்தன. நான் உட்காரவில்லை. யூனியன் ஆபீஸிலிருந்து வந்திருந்த அதிகாரி நெளிந்தார்.

"இதெல்லாம் பெறகு பேசிக்கலாம்மா."

"மத்த தீர்மானத்துக்குக் கேட்ட மாதிரியே இதுக்கும் கேளுங்க சார். ஆட்சேபம் இருக்கிறவங்க கை தூக்கட்டும்."

அவருக்கு வேறு வழியில்லை. கேட்டார்.

எங்கள் ஊர்க்காரர்களை எனக்குத் தெரியும். முணுமுணுப்பார்கள், பல்லைக் கடிப்பார்கள். ஆனால் காலனிக்காரரோடு சரிசமமாக உட்கார மாட்டேன் என்று ஓர் அதிகாரி முன்னால் கை தூக்கிக் காட்ட யாருக்கும் துணிச்சல் வராது. அதை நம்பித்தான் எழுந்திருந்தேன். எல்லோரும் அடுத்தவர் கையைப் பார்த்தார்கள். அப்பாவுக்குப் பின்னால் இருந்த சித்தப்பா, எனக்கும் கேட்கட்டும் என்றே சொன்னார்.

"என்னண்ணே, ஒங்க மக பேசுறா, நீங்க பாட்டுக்கு ஒக்காந்திருக்கீங்க?"

அப்பாவின் கை உயர்ந்தது.

கை தூக்கியபடியே அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். அத்தனை பேரும் ஜமக்காளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா கைக்கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா ரோஷக்காரர், தூக்கிய கையை இறக்கவில்லை. எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம். உசுப்பேற்றிவிட்டு அவரைத் தனியே விட்டவர்கள்மேல் அதைவிடக் கோபம்.

"ஒரு ஆட்சேபம். தீர்மானம் நெறவேறுது," என்று அதிகாரி பேனாவை எடுத்தார். சுவருக்கு வெளியே கைதட்டினார்கள். "முன்மொழிஞ்சவங்க பேரு, தகப்பனார் பேரு சொல்லும்மா."

சொன்னேன்.

"ஆட்சேபிச்சவர் பேரு?"

அப்பாவே தன் பெயரைச் சொன்னார். அதிகாரி பாதி எழுதி நிறுத்தினார். மேல் வரியைப் பார்த்தார், பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"ஆமா, எம் மகதான்," என்றார் அப்பா. "எழுதுங்க."