டிவி கேமுக்குள் ஒரு ஜின்

அடுப்பில் சோறு வேகும் இருபது நிமிடம் என்னுடையது. குசினிக் கதவை ஒருக்களித்துவிட்டு, ஃபோனில் ஒரு பழைய கேம் விளையாடுவேன். குட்டி மனிதன் ஒருவன் ஏணி ஏறுவான், பள்ளம் தாண்டுவான், ஏழாவது கட்டத்தில் கோட்டைக் கதவைத் திறப்பான். நாற்பது வயதைத் தாண்டிய, பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிற ஒருத்தி செய்கிற வேலையா இது? அதனால்தான் கதவைச் சாத்துவது. மகன் வந்து, "உம்மா, ஃபோன் ஏன் இப்பிடிச் சுடுகுது?" என்று கேட்டால், எனக்கென்ன தெரியும் என்று சொல்லிவிடுவேன். ஆனால் அவன் அப்படிக் கேட்கும்போதெல்லாம் உம்மாவின் ஞாபகம் வந்துவிடுகிறது. நானும் ஒரு காலத்தில் என் உம்மாவிடம் இதையேதான் கேட்டேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சாய்ந்தமருதில் இருந்தோம். சவூதியில் வேலை செய்த வாப்பா லீவில் வந்தபோது எனக்கு ஒரு டிவி கேம் கொண்டுவந்தார். திரும்பிப் போகும்போது சனிக்கிழமை மட்டும்தான் விளையாட வேண்டும் என்று ஒரு சட்டமும் போட்டுவிட்டுப் போனார். மற்ற நாட்களில் அது டிவிக்குக் கீழே துணி போர்த்திக் கிடக்கும். சிலநேரம் கேசட்டைப் போட்டாலும் படம் வராது. வெளியே எடுத்து, அல்லாஹ்வின் பெயரால் பிஸ்மி சொல்லி, வாயால் ஊதிப் போட்டால் வந்துவிடும். ஊதினதால் வந்ததா, பிஸ்மியால் வந்ததா என்று நான் ஆராய்ச்சி செய்யவில்லை. படம் வந்தால் போதாதா?

ஒரு செவ்வாய்க்கிழமை பாடசாலை விட்டு வந்து தற்செயலாக டிவியின் பின்பக்கத்தில் கை வைத்தேன். சுட்டது. கேமின் வயர் நான் சுற்றி வைத்த மாதிரி இல்லை. புதன்கிழமையும் சுட்டது. வீட்டில் இருந்தது உம்மாவும் தொட்டிலில் கிடந்த தம்பியும்தான். தம்பிக்கு ஆறு மாதம்.

"உம்மா, டிவி போட்டீங்களா?"

"எனக்கெங்க மனே நேரம்?" என்றார், மகளையும் 'மனே' என்றே கூப்பிடும் உம்மா, மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே, தலை நிமிராமல்.

அதுவும் மெய்தான். விடிந்தால் எழும்பி, சமைத்து, உடுப்புக் கழுவி, தம்பியைக் குளிப்பாட்டி, வாப்பாவுக்குக் கடிதம் எழுதுகிற மனுஷிக்கு நேரம் எங்கே? அப்படியென்றால் யார்? குர்ஆன் ஓதப் போன இடத்தில் என் கூட்டாளியிடம் கேட்டேன். அவள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "ஜின்தான்" என்று சொல்லிவிட்டாள்.

பயத்தைவிட எனக்குக் கோபம்தான் கூட. சனிக்கிழமை வரும்வரைக்கும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன், இந்த ஜின் தினமும் விளையாடுகிறதா? வெள்ளிக்கிழமை பின்னேரம், எங்களுக்குக் குர்ஆன் ஓதித்தருகிற லெப்பையிடம் போய், கெட்ட கனவு வருகிறது என்று பொய் சொன்னேன். பாவம், அவர் நம்பி, ஒரு போத்தல் தண்ணீரில் ஓதி ஊதித் தந்தார். பொய்யைக் கொஞ்சம் உண்மையாக்க ஒரு மிடறு குடித்தேன். மிச்சத்தை வீட்டுக்கு வந்து, கேசட் போடுகிற ஓட்டை வழியாகக் கேமுக்குள் ஊற்றினேன். சனிக்கிழமை காலையில் போட்டபோது உள்ளே 'டிக்' என்றது. பிறகு ஒன்றுமில்லை. ஊதினேன், பிஸ்மி சொன்னேன், அழுதேன். படம் வரவேயில்லை.

ஓடிவந்த உம்மா அதைத் தூக்கினார். உள்ளிருந்து தண்ணீர் சொட்டியது.

"அடி அல்லாஹ்! என்னடி செஞ்சி வெச்சிரிக்காய்?"

அடி விழும் என்று முதுகை வளைத்துக்கொண்டு நின்றேன். விழவில்லை. உம்மா அப்படியே நிலத்தில் உட்கார்ந்து, முந்தானையால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகம் விழுந்துபோய்விட்டது. பிறகு முற்றத்தில் மிளகாய் காய்ந்த பாயின் ஓரத்தில் அதை வைத்து, காகம் கொத்தாமல் காவல் இருந்தார். அது காய்ந்தும் வேலை செய்யவில்லை. திங்கட்கிழமை என்னைப் பாடசாலைக்கு அனுப்பாமல், தம்பியை மாமி வீட்டில் விட்டுவிட்டு, கல்முனை பஜாரில் இருந்த ரேடியோ திருத்தும் கடைக்குக் கூட்டிப்போனார். என் மீது இவ்வளவு பாசமா என்று நான் நெகிழ்ந்துபோனேன்.

திருத்துகிறவர் அதைக் கழற்றி, துடைத்து, எதையோ பற்றவைத்து, கடை டிவியில் மாட்டினார். படம் வந்தது! விளையாடிப் பார்க்கச் சொன்னார். நான் மூன்றாவது கட்டத்துப் பள்ளத்தில் வழக்கம்போல விழுந்து செத்தேன்.

"மற்றக் கையையும் பாக்கணுமே. நீங்க ஒருக்கா அமத்திப் பாருங்க, தங்கச்சி" என்று இரண்டாவது கொன்ட்ரோலரை உம்மாவிடம் நீட்டினார்.

"எனக்கென்ன தெரியும், காக்கா" என்று அண்ணன் முறை வைத்துச் சொல்லிக்கொண்டேதான் உம்மா வாங்கினார்.

பிறகு நான் கண்டதை என்னவென்று சொல்ல? உம்மாவின் பெருவிரல்கள் பறந்தன. மூன்றாவது கட்டத்துப் பள்ளத்தைச் சும்மா தாண்டினார். நான்கு, ஐந்து, ஆறு. நான் கண்ணாலும் காணாத இடங்கள். சுவருக்குள் மறைந்திருந்த ஏணியைத் தேடவேயில்லை, நேரே போய் ஏறினார். முக்காடு தோளில் விழுந்ததும் அவருக்குத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார். ஏழாவது கட்டத்தில் கோட்டைக் கதவு திறந்தபோது, திருத்துகிறவர் "மாஷா அல்லாஹ்!" என்றார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கேமிலிருந்து நான் துரத்திய ஜின் உம்மாவுக்குள் போய்விட்டது.

வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் எனக்குத் தெரிந்த குர்ஆன் சூராக்களையெல்லாம் ஓதி உம்மாவின் தோளில் ஊதினேன்.

"என்ன மனே ஊதுறாய்?"

"உங்களுக்குள்ள ஜின் இரிக்கும்மா" என்று சொல்லும்போதே அழுகை வெடித்துவிட்டது. டிவி சுட்டது, லெப்பை, தண்ணீர் எல்லாவற்றையும் அழுது அழுது சொன்னேன்.

உம்மா முதலில் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அப்புறம் என்னை இழுத்து அணைத்தார்.

"பயப்பிடாத மனே. நீ ஊதினதோட அது போயிட்டு. இனி வராது."

உம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த நாள் பாடசாலை விட்டு ஓடிவந்து டிவியின் பின்பக்கத்தில் கை வைத்தேன். குளிர்ந்து கிடந்தது. அதற்குப் பிறகு எந்த நாளும் சுடவில்லை. ஒரு ஜின்னையே ஊதி விரட்டினவள் என்று கூட்டாளிகளிடம் பல மாதங்கள் பெருமையடித்துத் திரிந்தேன். தம்பி தூங்குகிற அந்த அரைமணி நேரத்தைத் தவிர அந்த ஜின் எங்கள் வீட்டில் வேறு எதையும் கேட்டதில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.