மெற்றில்டாவின் ஐந்தடிப் புடலங்காய்

மெற்றில்டாவுக்குப் பாடசாலைச் சமையலறையில் வேலை, ஞாயிறு பூசையில் முதல் வரிசை வாங்கு, யாருக்கும் விட்டுக்கொடாத வாய். லண்டன் நோர்பரித் தமிழருக்கு இந்த மூன்றும் தெரியும். பதினொரு வருடம் குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, "இல்லை", "பிறகு பார்ப்போம்" என்ற கடிதங்களாக வாங்கிச் சேர்த்து, 2003இல் ஒருவழியாக விசா கிடைத்த அன்று அவள் கணவர் சவிரிமுத்துவிடம் சொன்னாள்: "இனி இந்த நாட்டில ஒருத்தரும் எனக்கு 'இல்லை'யெண்டு சொல்லேலாது." அவர் சிரித்தார். பகிடி என்று நினைத்துவிட்டார், பாவம்.

வருடத்தில் ஒருநாள்தான் குடும்பமாக வெளியே போவார்கள். செப்டெம்பர் முதல் சனிக்கிழமை, பக்கத்துப் பூங்காவில் நடக்கும் பெரிய விவசாய ஷோ. ஆட்டுக்கு உரோமம் கத்தரிப்பது சவிரிமுத்துவுக்கு, இராட்டினம் மகள் பிறேமினிக்கு, காய்கறிக் கூடாரம் மெற்றில்டாவுக்கு. மத்தியானம் புல்லில் துணி விரித்துச் சோற்றுப் பார்சல்.

2006இல் அந்தக் கூடாரத்தில் மிக நீளமான காய்கறிக்கான முதல் பரிசை ஒரு கரட் பெற்றிருந்தது. மூன்றடி. அதில் இரண்டடி வெறும் வால். வளர்த்தவர் பக்கத்தில் நின்று, நீளக் குழாயில் மணல் நிரப்பி அதற்குள் வளர்த்ததாகப் பெருமையோடு விளக்கினார். மெற்றில்டா முழுவதையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

"இதுக்கோ பரிசு? இருங்கோ, வாற வருசம் காட்டுறன்."

டூட்டிங் தமிழ்க்கடையில் விதை வாங்கினாள். பின்வளவுக் கண்ணாடிக் கூண்டுக்குள் புடலங்கொடி ஏறியது. புடலங்காயைத் தன்போக்கில் விட்டால் சுருண்டுவிடும். நுனியில் ஒரு கல்லைக் கட்டிவிட்டால் நேராக இறங்கும். எங்கள் ஆட்களில் இது தெரியாதவர் யார்? பிரைட்டன் கடற்கரையில் பொறுக்கிய ஒரு கூழாங்கல்லை அவள் நூலால் கட்டிவிட்டாள். காய் நிலத்தைத் தொடப்போகுதே என்று கடைசி வாரத்தில் அடியில் குழியும் தோண்டினாள்.

ஷோ நாள் காலை காயை வீடு கூட்டும் தும்புத்தடியின் நீளக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டி 109ஆம் இலக்கப் பஸ்ஸில் ஏற்றினார்கள். பிறேமினிக்குப் பதினைந்து வயது. தும்புத்தடியோடும் புடலங்காயோடும் வரும் தாயைத் தனக்குத் தெரியாது என்பதுபோல் மேல்தட்டுக்குப் போய்விட்டாள்.

வழியில் காய் வளைந்துவிடுமோ என்ற பயத்தில் மெற்றில்டா கல்லை அவிழ்க்கவில்லை. அதை மறைக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவுமில்லை. அங்கேதான் காரியம் பிழையாகிப் போனது.

காய்கறிக் கூடாரத்தில் போட்டி மேசைக்குப் பொறுப்பான வெள்ளைக்காரர் கல்லைப் பார்த்தார். பாரம் கட்டி இழுத்த காய் இயற்கையானது அல்ல, ஏற்க முடியாது என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். சொல்லிவிட்டுக் காயைத் தூக்கி மேசைக்குக் கீழே வைத்தார்.

மரியாதையாகச் சொல்லப்படும் "இல்லை"யை மெற்றில்டா பதினொரு வருடம் கேட்டிருக்கிறாள். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"விடும், மெற்றில்டா. வாரும், ஆடு பாப்பம்," என்றார் சவிரிமுத்து.

"நீங்கள் போங்கோ. இதை அளக்காமல் நான் இந்த இடத்தை விட்டு அசையமாட்டன்."

அவளுடைய இங்கிலிஷ் அரைகுறைதான். கோபம் வந்தால் அதுவே போதும். குழாய்க்குள் கரட் வளர்ப்பது இயற்கை, கல் கட்டினால் மட்டும் கள்ளமோ என்று கேட்டாள். அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். அதில் குழாயைப் பற்றியும் இல்லை, கல்லைப் பற்றியும் இல்லை. இருந்தாலும் முடியாது என்றார்.

மெற்றில்டா குனிந்து காயை எடுத்தாள். மேசைக்கு முன்னால், தும்புத்தடியைக் கொடிமரம்போல் நட்டுப் பிடித்துக்கொண்டு நின்றாள். பரிசுக் காய்களைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். ஒரு மணி, இரண்டு மணி. ஆடு பார்க்கவில்லை, இராட்டினம் ஏறவில்லை. சவிரிமுத்து சோற்றுப் பார்சலை அங்கேயே பிரித்து ஊட்டிவிட்டார், அவளுக்குக் கை ஒழியவில்லை.

மூன்று மணிக்குக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பிறேமினி வந்தாள். வீட்டுக்குப் போவோம் என்று அழப்போகிறாள் என்றே தாய் நினைத்தாள். பிறேமினி காயோடு முதுகை ஒட்டி நிமிர்ந்து நின்றாள். பிறகு அந்த மனிதரைப் பார்த்து, தெளிவான லண்டன் இங்கிலிஷில் சொன்னாள்: "என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். இது என்னைவிட உயரம். பரிசு வேண்டாம். அளந்து சொல்லுங்கள்."

கூட்டம் கைதட்டியது. அவர் முகம் சிவக்க அளவுநாடாவை எடுத்தார். நாடா ஒரு மீற்றரோடு முடிந்துவிட்டது. சவிரிமுத்து விரலால் இடத்தைப் பிடித்துக் கொடுக்க, மறுபடி வைத்து அளந்தார்.

"ஐந்தடி நான்கு," என்றார், எல்லோருக்கும் கேட்க.

மெற்றில்டாவுக்குக் கண் கலங்கியது. அதை அவள் ஒருவருக்கும் காட்டவில்லை.

அடுத்த வருட விதிப்புத்தகத்தில் புதிதாக ஒரு வரி இருந்தது: பாரம் கட்டி வளர்த்த காய்கள் மேசையில் வைக்கப்படமாட்டா. பிறேமினி வாசித்துக் காட்டியபோது மெற்றில்டா கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று இரண்டாவது கல்லைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"மேசையில வைக்கேலாதெண்டுதானே கிடக்கு," என்றாள். "பிடிச்சுக்கொண்டு நிக்கேலாதெண்டு இல்லையே. தும்புத்தடியை எடுத்து வை பிள்ளை."