புதன்கிழமை ஆறு மணிப் படம்

நிஷாந்தி பொகவந்தலாவையில் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். வயது முப்பத்தாறு, கல்யாணம் ஆகவில்லை. அம்மா இறந்த பிறகு தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பராவில் அவளும் அப்பா செல்லசாமியும் மட்டும்தான். முப்பது வருஷம் தேயிலைத் தொழிற்சாலைத் தூசிக்குள் நின்ற மனிதர் அவர். வேலை விட்டும் இருமல் விடவில்லை.

மேகம் மூடிய அந்த மலையில் வானம் பார்ப்பது நடக்கிற காரியமா? நிஷாந்தி பார்த்தது சிலி நாட்டு வானத்தை. பல நாட்டு ஆர்வலர்கள் சேர்ந்து அங்கே ஒரு தொலைநோக்கியை இணையம் வழியாக இயக்கினார்கள். இங்கே விடியும்போது அங்கே இருட்டத் தொடங்கும். காலை ஆறு மணியிலிருந்து இருபது நிமிஷம் அவளுடைய முறை. அவளிடம் இருந்தது ஒரு பழைய மடிக்கணினியும் ஒரு போனும்தான்.

வெடித்துச் சாகும் பெரிய நட்சத்திரங்களின் வெளிச்சத்தை அவள் நாள்தோறும் அளந்தாள். அவற்றிலும், வெடிக்கும் முன்பே மேல் அடுக்குகளை இழந்துவிட்டவைதான் அவளுக்குப் பிடித்தம். பக்கத்துத் துணை நட்சத்திரம் இழுத்துக்கொண்டதுபோக ஐதரசன் வாயு கொஞ்சம் மிஞ்சியிருந்தால், வெடித்ததும் ஒரு வெளிச்சம் எழும். சில நாட்களில் இறங்கும். பிறகு மறுபடி மெல்ல ஏறும். அந்த முதல் இறக்கத்தைப் பிடித்தால் நட்சத்திரம் எவ்வளவு பெரிதாக இருந்தது, என்ன மிஞ்சியிருந்தது என்று சொல்லிவிடலாம். பெரும்பாலும் யாரும் பார்ப்பதற்குள் அது முடிந்துவிடும்.

போன நவம்பர் கடைசியில் அப்படியொன்று வெடித்தது. திங்களும் செவ்வாயும் நிஷாந்தி அளந்தாள். புதன்கிழமை விடியும்போது மழை தகரத்தை உடைத்துவிடும்போல அடித்துக்கொண்டிருந்தது. அவள் கணினியைத் திறக்கும் நேரம் அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

“ஏம்மா, நெஞ்சு என்னமோ அடைக்கிற மாதிரி இருக்கு.”

ஹட்டனுக்குப் போகும் பஸ் ஆறு பத்துக்கு. அவள் மணியைப் பார்த்தாள். ஆறாக ஐந்து நிமிஷம்.

“இருபது நிமிஷம் பொறுத்துக்குங்கப்பா. இந்தப் படத்தை எடுத்துட்டு ஏழரை பஸ்ஸுல ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்.”

“நீ பாரும்மா. ஒண்ணும் அவசரமில்ல.”

ஆறு பத்து பஸ் கீழே ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. படம் தெளிவாக வந்தது. அளந்து பார்த்தாள். வெளிச்சம் இறங்கியிருந்தது. சந்தோஷத்தில் இன்னொரு தடவையும் அளந்தாள். குழுவுக்கு அனுப்பிவிட்டு அப்பாவுக்கு ஸ்வெட்டர் போட்டுவிட்டுக்கொண்டிருந்தபோது கீழே பெரிய சத்தம் கேட்டது. மண் சரிந்து பஸ் பாதையை மூடிவிட்டது. சற்று நேரத்தில் கரண்ட் போனது, பிறகு போனில் சிக்னலும் போனது.

பக்கத்துக் காம்பரா ஆண்டியப்பன் நாலு பேரைக் கூட்டிவந்தார். அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, தேயிலைக்குள் இறங்கித் தூக்கிக்கொண்டு போனார்கள். நிஷாந்தி குடையை அவர் தலைக்குமேல் பிடித்தபடி வழுக்கி வழுக்கி நடந்தாள். இரண்டாவது மண்சரிவுக்குக் கிட்ட வந்தபோது ஆண்டியப்பன் நின்றார்.

“இறக்கி வையுங்கடா,” என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, “டீச்சர், அப்பா போயிட்டாரும்மா,” என்றார்.

கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் ஜெயகாந்தனுக்குச் சேதி சொல்ல வழியில்லை. அவர் இல்லாமலே மழையில் அடக்கம் நடந்தது.

பத்து நாள் கழித்து சிக்னல் வந்தது. முதலில் அண்ணனுக்கு அழைத்தாள். அதற்குப் பிறகுதான் குழுவின் கடிதத்தைத் திறந்தாள். மற்ற இடத்துத் தொலைநோக்கிகளுக்கெல்லாம் அந்த நாளில் வானம் மூடியிருந்ததாம். முதல் இறக்கத்தைக் காட்டும் ஒரே புள்ளி அவளுடையதுதானாம். ஆய்வுக் கட்டுரையில் அவள் பெயரையும் சேர்க்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். மூன்றாம் நாள் சரி என்று மட்டும் எழுதினாள். அப்பாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கருமாதிக்கு அண்ணன் வந்தார். எல்லோரும் போன பிறகு கேட்டார்.

“நெஞ்சு வருத்தம் காலையிலேயே இருந்திச்சாம்ல. ஏன் முதல் பஸ்ஸுல கூட்டிட்டுப் போகல?”

பஸ் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆண்டியப்பன்கூட அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

“பஸ் வந்திச்சுண்ணே. நான்தான் ஒரு படத்துக்காக இருக்கச் சொன்னேன்.”

“என்ன படம்?”

அவள் சொன்னாள். செத்த நட்சத்திரம் என்றதும் அவர் எழுந்தார். பையை எடுத்துக்கொண்டு, இலையில் போட்ட சோற்றைத் தொடாமல் இறங்கிப் போய்விட்டார்.

மண் சரியும் ஆபத்து இருப்பதால் லயத்தில் யாரும் இருக்கக்கூடாது என்று அதிகாரிகள் எழுதி ஒட்டிவிட்டார்கள். நிஷாந்தி இப்போது கடைவீதிக்கு மேலே வாடகை அறையில் இருக்கிறாள். காலை ஆறு மணி முறையை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்த நட்சத்திரம் மங்கி மறையும்வரை அளந்து அனுப்பினாள். இப்போது வேறொன்றை அளக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனுக்கு அழைத்துப் பார்ப்பாள். மணி அடிக்கும். அவர் எடுப்பதில்லை.