பூ அடைத்த குழாய்

எங்கள் ஆஸ்டின் டவுன் வீட்டு மொட்டைமாடியின் மேல் ஒரு தூங்குமூஞ்சி மரம் சாய்ந்திருக்கிறது. ஏப்ரலில் இளஞ்சிவப்புப் பூக்களைக் கொட்டித் தரையையே மறைத்துவிடும். அவற்றின் நடுவே உட்கார்ந்துதான் காலை ஜெபம் செய்வேன். அதனால், வேலைக்கு வரும் சரோஜாவைப் பத்து நாளாக அங்கே பெருக்க விடவில்லை.

“அக்கா, மழை வந்தா தண்ணி போற குழாய் அடைச்சுக்கும்.”

“இருக்கட்டும் சரோஜா. கர்த்தர் விரிச்ச பாய்.”

“அவரு விரிச்சிட்டுப் போயிடுவாரு. சுருட்டறது யாரு, நான்தானே?”

அந்தச் சனிக்கிழமை மாலை மழை கொட்டியது. காய்ந்து கிடந்த ஊருக்கு மழை தந்தாரே என்று ஜன்னலருகே கண்களை மூடி ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“அண்ணா, கைய எடுங்க! தொடாதீங்க!”

சரோஜாவின் அலறலில் கண் திறந்தேன். மாடியில் தேங்கிய தண்ணீர் தளத்தில் கசிந்து, சுவிட்ச் போர்டின் மேல் வழிந்துகொண்டிருந்தது. விளக்குப் போட நீட்டிய கையோடு என் கணவர் அப்படியே நின்றார். சரோஜா ஓடிப்போய் மெயினை அணைத்தாள்.

மாடிக்கு ஓடினேன். கணுக்கால் தண்ணீரில் குனிந்து குழாய் வாயைத் துழாவினேன். அழுகிய பூ கூழாகக் கைநிறைய வந்தது.

கர்த்தர் காப்பாற்றினார் என்று சபையில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். அவர் பத்து நாளாகச் சரோஜாவின் வாயால் எச்சரித்ததையும், நான் கேட்காததையும் சேர்த்தே சொன்னேன்.

இப்போது விளக்குமாற்றோடுதான் மாடி ஏறுகிறேன். பெருக்கி, குழாயில் கைவிட்டுப் பார்த்த பிறகே ஜெபம். அப்போதும் கண்களை முழுக்க மூட இன்னும் துணிவு வரவில்லை.