எதிர்க்கடை ஃபைல்

யட்டியாந்தோட்டை பஜாரில் நானும் எதிர்க்கடை நவாஸ் நானாவும் திருவிழா நோட்டீஸ் வடிவமைப்பவர்கள். எங்கள் மென்பொருள்கள் போட்டிக் கம்பெனிகளுடையவை. ஒருவர் ஃபைல் மற்றவரிடம் திறக்காது. அந்தத் தைரியத்தில், அவர் வரைந்த கோபுரத்தை அச்சடித்த நோட்டீஸிலிருந்து ஸ்கேன் செய்து என்னுடையதாக்கிக்கொண்டேன்.

பிறகு ஒரு கம்பெனி மற்றதை வாங்கிவிட்டது. புதிய பதிப்பில் இருவரின் ஃபைல்களும் திறந்தன. கோயில் கமிட்டி கொண்டுவந்த அவருடைய ஃபைலை ஆவலோடு திறந்தேன். பக்கத்துக்கு வெளியே, அச்சில் வராத இடத்தில், அவர் வரைந்து கழித்த ஒன்பது கோபுரங்கள் கிடந்தன.

வியப்பில் ஓடிப்போய்க் கேட்டேன். “ஒரு கோபுரத்துக்கு இத்தன தடவ வரஞ்சீங்களா, நானா?”

அவர் சிரித்தார். “கமிட்டி தந்த ஒங்கட ஃபைலயும் நேத்து தொறந்து பாத்தேன், தம்பி. ஸ்கேன்ல கோபுரம் மங்கலா இரிக்கி. ஒரிஜினல் தாறன், அதப் போடுங்க.”

அவர் தந்த சிடியை இதுவரை திறக்கவில்லை. என் பக்கத்துக்கு வெளியே இப்போது நானே வரைந்த பதினான்கு கோபுரங்கள் கிடக்கின்றன.