முனீஸ்வரர் கிடாவும் எங்கள் சினை மாடும்

எழுபதுகளில் மலேசியாவின் ஈப்போவுக்கு வடக்கே, காட்டை ஒட்டிய ரப்பர் தோட்டமொன்றில் நாங்கள் இருந்தோம். அம்மா பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தாள். நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு மாடு. அப்போது அது நிறைசினை, முதல் ஈத்து. வீட்டில் என்னைவிட அதற்குத்தான் கவனிப்பு அதிகம்.

தோட்டத்து முனீஸ்வரருக்கு நேர்ந்துவிட்ட கிடா ஒன்றும் இருந்தது. சாமி கிடாவைக் கட்டக்கூடாது, அடிக்கக்கூடாது. எல்லார் வீட்டுக் கீரையையும் தின்று கொழுத்துத் திரிந்தது. எனக்கு அதைக் கண்டாலே ஆகாது.

ஒரு நாள் காலையில் கிடாவைக் காணோம். கோயிலடியில் ரத்தமும் புலித்தடமும் கிடந்தன. ஆபீசில் கணக்கெழுதும் கிராணி, வனவிலங்கு இலாகாவுக்குச் சொல்லிக் கூண்டு வைக்கலாம் என்றார். வேலைக்காட்டில் ஆட்களை மேய்த்த தண்டலோ ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"சாமியே புலியா வந்து, தனக்குச் சேர வேண்டியத எடுத்துக்கிட்டாரு லா. அவருக்கா கூண்டு வைப்பீங்க?"

சனம் முழுக்க அவர் பக்கம். பயந்து கிடந்தவர்களுக்கு அந்தப் பேச்சு தேவைப்பட்டது. சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, மாடுகளை வழக்கம்போல் காட்டோரம் மேயவிட்டார்கள்.

"நம்ம மாட்டையாச்சும் கட்டிப் போடலாமே" என்றார் அப்பா.

"அதான் கெடா போயிருச்சுல்ல, இனி புலி வராது" என்றாள் அம்மா.

அந்த வாரமே எங்கள் மாடு வீடு திரும்பவில்லை. ஓடைக்கு அப்பால் பாதி தின்னப்பட்டுக் கிடந்ததை அப்பாதான் கண்டார். வயிற்றுக் கன்றும் மிஞ்சவில்லை. அம்மா தண்டல் வீட்டு வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினாள். அதன் பிறகுதான் கூண்டு வந்தது. புலியும் சிக்கியது.

அதை லோரியில் ஏற்றுவதைப் பார்க்கத் தோட்டமே திரண்டது. தண்டலும் இன்னும் பலரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். நன்றாகத் திட்டட்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. அவளோ குனிந்து அதன் வயிற்றையே பார்த்தாள்.

"பொட்டை. மடியில பால் கட்டியிருக்கு" என்றாள். "குட்டி போட்டு ரொம்ப நாளாகல."

கூண்டருகில் நின்ற மலாய்க்கார அதிகாரியிடம், "அனாக் டியா மானா?" என்று மலாயில் கேட்டாள், குட்டிகள் எங்கே என்று. அவர் காட்டுப் பக்கம் பார்த்தார். லோரி கிளம்பிவிட்டது. மாடு செத்த அன்றுகூட அழாதவள், அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதாள்.