நாய் காதை ஆட்டாத வெடி

முதல் நாள் வேலைக்குப் போகேக்கை, அது துவக்குச் சூடு பழகிற இடமெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. ஏஜென்சிக்காரி "கிளப் ஒண்டு, கிளீனிங், நீ இருக்கிற பார்க்கிங் ஊரிலயிருந்து ஒரே பஸ்" எண்டுதான் சொன்னவள். கிளப் எண்டால் குடிக்கிற இடமாக்கும், கிளாஸ் கழுவவேணுமாக்கும் எண்டு ரப்பர் கையுறையும் வாங்கிக்கொண்டு போனன். மொப்பை நனைச்சுப் பிழியிறன், உள்ளுக்கை "டொம்" எண்டுது. நான் வாளியோட மேசைக்குக் கீழ.

ஊர்ப் பழக்கம். அங்க வெடி கேட்டால் முதல் படுக்கிறது, பிறகுதான் யோசிக்கிறது. ஃபிராங்க் எண்டு, கிளப்பை நடத்திற வெள்ளைக்காரன் குனிஞ்சு பாத்து, "டீ குடிக்கிறியா?" எண்டு கேட்டார். மேசைக்குக் கீழயே கொண்டுவந்து தந்தார். அண்டைக்கே எனக்கு அந்த மனிசனைப் பிடிச்சுப்போச்சு. ஊரில வெடிக்குப் பயந்து ஓடினனான், லண்டனில வெடிச்சத்தத்துக்கை நிண்டு சம்பளம் எடுத்தனான். நினைச்சால் இப்பவும் சிரிப்பு வரும்.

எனக்கு எழுத வாசிக்க வராது, நான் சொல்ல மருமகள் எழுதுறா. சிரிக்காமல் எழுது பிள்ளை.

கோது மினுக்கிற வேலை

கூட்டித் துடைக்கத்தான் போனனான். போகப் போக, கோது வேலையும் என்ர கையில வந்திட்டுது. ஒருக்காச் சுட்ட தோட்டான்ர பித்தளைக் கோதை எறியிறேல்லை. கழுவி மினுக்கி, அடியில தட்டினால் பொறி பறக்கிற புதுக் கேப்பு வைச்சு, வெடிப் பவுடர் போட்டு, மேல, பறந்துபோய்த் துளைக்கிற ஈயச் சன்னத்தை வைச்சு பிறஸ்ஸில அமத்தினால் திரும்பவும் தோட்டா. ரீலோடிங் எண்டு சொல்லுவினம். பவுடரில நான் கை வைக்கிறேல்லை, அது லைசென்ஸ் உள்ள ஆக்களின்ர பாடு. எனக்கு வெறுங்கோது.

சுத்திற மெஷினுக்குள்ள கோதைப் போட்டு, வால்நட் ஓட்டை இடிச்ச தூளும் போட்டுவிட்டால், குத்துவிளக்கு மாதிரி மினுங்கி வரும். கோயில்ல விளக்கு மினுக்கப் போய் புளி தேய்ச்சுத் தேய்ச்சு என்ர நகம் போனதுதான் மிச்சம். "விளக்கையும் உதுக்கை போடட்டோ?" எண்டு ஃபிராங்கிட்டைக் கேட்டன். விளக்கின்ர உயரத்தைக் கையால காட்டினன். மனிசன் தரமாட்டன் எண்டு மெஷினைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டிட்டார்.

அங்க தமிழ் கதைக்க எனக்கிருந்த ஒரே ஆள் பாலன். கிளப்பில சுட வாற மலேசியாப் பிள்ளை, படிக்க வந்து எஞ்சினியராகி இங்கயே நிண்டிட்டார். "அக்கா, நீங்க பேசறது பாட்டு மாரி இருக்குலா" எண்டுவார். "நீர் கதைக்கிறது பாதி இங்கிலீசு, மிச்சம் லா" எண்டு நானும் விடமாட்டன்.

ஜோனின்ர நாய்

சுடுற இடம், அந்த ரேஞ்சின்ர பின்சுவருக்கு அங்கால ஜோன் எண்டொரு மனிசியின்ர தோட்டம். அவவின்ர நாய்க்குப் பெயர் பிஸ்கட். ஞாயிற்றுக்கிழமை வெடி துவங்கினால் பிஸ்கட் பாத் டப்புக்குள்ள ஏறிப் படுத்திடும், ஆர் கூப்பிட்டாலும் இறங்காது. ஜோன் குளிக்கேலாமல் சேர்ச்சுக்குப் போவா. அவ எவ்வளவு நாளைக்குத்தான் பொறுப்பா? கவுன்சிலுக்குச் சொல்லிப்போட்டா. கட்டிடத்துச் சொந்தக்காரனும் ஃபிராங்கைக் கூப்பிட்டு, "இன்னொரு முறைப்பாடு வந்தால் சாவியைத் தந்திட்டுப் போ" எண்டிட்டான். கிளப் போனால் என்ர வேலையும் போச்சு.

பாலன்தான் வழி சொன்னவர். "பேப்பர்ல ஓட்டை போட எதுக்கு இவ்ளோ பவுடர்? லைட் லோட் செஞ்சா சத்தம் குறையும். எனக்கும் இது ஆப்பரேஷன் செஞ்ச தோள், துப்பாக்கி உதை தாங்கல." ஃபிராங்க் ரீலோடிங் புத்தகத்தைப் பாத்து, இதுக்குக் கீழ போகாதை எண்டு ஒரு அளவு சொன்னார். அந்த அளவில பாலன் இருந்து இருந்து தோட்டா செய்தார்.

ஃபிராங்க் போய் ஜோனோட கதைச்சார். அவ சொன்னதை என்ர வாயால சொல்லுறன்: "மெஷின் வைச்சு அளக்கிறதொண்டும் எனக்கு வேண்டாம். நாய் தோட்டத்தில நிக்கட்டும். ஓடினால் கவுன்சில், ஓடாட்டி நான் வாய் திறக்கமாட்டன்."

அந்த ஞாயிறு நான் ரோல்ஸ் பொரிச்சுக்கொண்டு ஜோனின்ர தோட்டத்துக்குப் போனன். பிஸ்கட் என்ர பையைத்தான் பாக்குது. ஜோன் பையைப் பறிச்சுக் கதிரைக்கு மேல வைச்சிட்டா. "சோதனை முடியும் வரைக்கும் லஞ்சம் குடுக்கக் கூடாது!"

உள்ளுக்கை பாலன் சுடுறார், ஃபிராங்க் பக்கத்தில. நாய் என்ன செய்யுது எண்டு நாங்கள் பாக்கிறதுக்கு ஒவ்வொரு வெடிக்கும் நடுவில கொஞ்ச நேரம் விடுவினம். முதல் வெடிக்கு பிஸ்கட் எழும்பி நிண்டுது. ஆனால் ஓடேல்லை. அடுத்ததுக்குத் தலையைத் தூக்கினது, அவ்வளவுதான். அதுக்கடுத்தது சோடாப் போத்தில் மூடி திறந்த மாதிரி, "டுப்". பிஸ்கட் காதைக்கூட ஆட்டேல்லை.

எனக்கு வந்த புளுகம், துள்ளவேணும்போல சந்தோசம்! சுவரில ஒரு சின்னப் படலை, அதால போனால் நேர ரேஞ்ச் கதவு. அதுக்கு மேல சிவப்பு லைட் எரியுது. சிவப்பு எரியேக்கை ஒருத்தரும் திறக்கக் கூடாது, நான் திறந்ததேயில்லை. அண்டைக்கு என்ர கண்ணுக்கு லைட்டே தெரியேல்லை. விறுக்கெண்டு திறந்துகொண்டு உள்ள போறன், பாலன் அடுத்த தோட்டாவை ஏத்தித் துவக்கைத் தோளில வைச்சிட்டார்.

"ஸ்டாப்!" ஃபிராங்க் போட்ட சத்தம் வெடியை விடப் பெரிசு. ஆள் உள்ள வந்தால் சூடு நிக்கவேணும், அதுதான் அங்கத்தச் சட்டம். பாலன் தோட்டாவைக் கழட்டித் துவக்கைக் கீழ வைச்சார். ஃபிராங்க் தக்காளி மாதிரிச் சிவந்துபோய் என்னை ஏசுறார். "கண் எங்க? லைட் தெரியேல்லையோ?"

எனக்கு அதொண்டும் ஏறேல்லை. "தம்பி, இதுதான்! நாய் காதை ஆட்டேல்லை! எல்லாத்தையும் இப்பிடியே செய்யும்!"

பாலன் சிரிச்சுக்கொண்டு ஃபிராங்குக்குச் சொன்னார், அக்காக்குக் கடைசி வெடிதான் பிடிச்சிருக்காம், சத்தமே இல்லையாம் எண்டு.

ஃபிராங்க் ஏசினதை நிப்பாட்டினார். "சத்தமே இல்லையோ?"

அவையள் ரெண்டு பேரும் காதுமூடி போட்டிருந்தவை, வித்தியாசம் தெரியேல்லை. பாலனுக்கு உதை குறைவாத் தெரிஞ்சதாம், லைட் லோட் சரியா வந்திட்டுது எண்டு சந்தோசப்பட்டவராம். ஃபிராங்க் டார்கெட்டைப் பாத்தார். மூண்டு வெடி, ரெண்டு துளை. துவக்குக் குழலுக்குள்ள ஒரு கம்பியை விட்டார். நடுவில "டக்" எண்டு முட்டி நிண்டிட்டுது.

சன்னம் உள்ளுக்கை இருக்கு.

லைட் லோடில பவுடர் கொஞ்சம்தானே, கோதுக்கடியில கிடக்கும். மேலால பாத்தால் பவுடர் விழுந்த கோதும் விழாத கோதும் ஒரே மாதிரி. பாலன் மேலாலதான் பாத்திருக்கிறார். ஒண்டுக்கு விழேல்லை. கேப்பு மட்டும் வெடிச்சு சன்னத்தைக் குழலுக்குள்ள தள்ளிப்போட்டு விட்டிட்டுது.

"அக்கா..." பாலன் துவக்கை விட்டுத் தள்ளி நிண்டார். "அடுத்தத அடிச்சிருந்தா?"

ஃபிராங்க் குழல் வெடிச்சுக் கிழியும் எண்டு வாழைப்பழம் உரிக்கிற மாதிரிக் கையால காட்டினார். பிறகு பாலன்ர முகத்தைப் பாத்தார், என்னைப் பாத்தார், வந்து கட்டிப்பிடிச்சார். "ஆனாலும் இனிமேல் அந்தக் கதவைத் திறக்காதை" எண்டு காதுக்குள்ள ஒருக்கா ஏசியும் விட்டார்.

படலையடியில ஜோன் நாயோட நிக்கிறா. "என்ன சண்டை? பிஸ்கட் காத்துக்கொண்டு நிக்குது."

மிச்சத் தோட்டா முழுக்கப் பிரிச்சுத் திரும்பச் செய்தினம். சன்னம் வைக்க முதல் ஒவ்வொரு கோதுக்குள்ளயும் ரோச் லைட் அடிச்சு ரெண்டு பேர் பாக்கவேணும் எண்டு ஃபிராங்க் சட்டம் போட்டார். ஒவ்வொரு வெடிக்கும் டார்கெட்டில துளை விழுந்ததோ எண்டும் பாத்தவை. அடுத்த ஞாயிறு பிஸ்கட் ஒவ்வொரு வெடிக்கும் ஒரு காதைத் தூக்கினது, தூக்கிப்போட்டு ரோல்ஸ் பையைப் பாத்தது. "ஒரு காது பரவாயில்லை" எண்டிட்டா ஜோன். கிளப் தப்பிச்சுது, பென்ஷன் வரைக்கும் நான் அங்கதான் கோது மினுக்கினன். ஜோனும் வடிவாக் குளிச்சுப்போட்டு சேர்ச்சுக்குப் போனா.

வேலைக்குப் போற பிள்ளையளுக்கு நான் சொல்லுறது இவ்வளவுதான். சத்தம் அடங்கிப் போச்செண்டு உடன துள்ளாதேங்கோ, துளை விழுந்திருக்கோ எண்டு பாருங்கோ. என்ர பேரப்பிள்ளையள் மேலறையில சத்தமில்லாமல் இருந்தால் நான் இப்ப புளுகிறேல்லை. சிவப்பு லைட்டே எரிஞ்சாலும் அந்தக் கதவைத் திறந்துதான் பாப்பன்.